ஹைம் கோன்: விஞ்சி நிற்பது சட்டப்பணியே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இஸ்ரேலிய நீதிபதி ஹைம் கோன் வாழ்வில் விஞ்சி நிற்பது வரலாற்று எழுத்தா, சட்டப்பணியா? சட்டப்பணியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி, இயேசுவின் விசாரணை பற்றி அவர் 1968-இல் எபிரேயத்தில் எழுதிய நூலை உயர்த்திப் பிடித்தார். யூதத் தலைமைச் சங்கம், இயேசு கைதான இரவில் கூடியது, இயேசுவை ரோமானியரிடமிருந்து காப்பாற்றத்தான் என்பது அந்த நூலின் வாதம். அரிய நூல், மறுக்கவில்லை. அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார், அம்மா? மரண தண்டனை வழக்கை யூதச் சட்டப்படி இரவில் விசாரிக்கக் கூடாது. வாக்குமூலம் மட்டும் போதாது, இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று உரசிப் பார்த்துத்தானே வந்தார்? அந்த நூலின் பக்கந்தோறும் ஒரு நீதிபதி உட்கார்ந்திருக்கிறார்!

1962-க்கு வாருங்கள். ஆஸ்வால்ட் ரூஃபைசன் போலந்து யூதர். நாஜிகள் ஆண்ட மீர் நகரில், யூதர் என்பதை மறைத்து, காவல் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். யூதர்களை ஒதுக்கிப் பூட்டிய கெட்டோ என்ற பகுதியில் அடைபட்ட மக்களுக்கு, கொல்ல வருகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். சுமார் 300 பேர் காட்டுக்குள் தப்பினார்கள். பிறகு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார். போருக்குப் பின் துறவியானார். அந்த அங்கியோடு வந்து, 'நான் யூதன், யூதனுக்குரிய குடியுரிமையைத் தாருங்கள்' என்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்.

நான்கு நீதிபதிகள் முடியாது என்றார்கள். கொடுங்கள் என்றது ஒரே ஒரு குரல். ஜெர்மனியின் லூபெக்கில், ரபி என்னும் யூத மதகுருக்களின் குடும்பத்தில் பிறந்து, ஜெருசலேமில் மறைநூல் பயின்ற ஹைம் கோனின் குரல் அது! அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தோற்றுப்போன தீர்ப்புதானே என்பார்கள். அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தபோது, மனமொப்பித் தங்களுக்குள் உறவுகொள்ளும் ஆண்கள் மீது வழக்குப் போடாதீர்கள் என்று அவர் சொன்னது 1953-இல். நாடாளுமன்றம் அந்த உறவுக்கான தடையை நீக்கியது 1988-இல். முப்பத்தைந்து ஆண்டுகள் முந்தி நடந்த மனிதர், ஐயா!

சட்டம் அவரையும் விடவில்லை. அவரைப் போல யூதக் கோவில் குருக்களின் மரபில் வந்தவர் மணவிலக்குப் பெற்ற பெண்ணை மணக்கக் கூடாது என்பது மத விதி. அவர் விரும்பியதோ அப்படிப்பட்ட ஒரு பெண்ணை. திருமணம் மத நீதிமன்றத்தின் கையில் இருந்த தன் நாட்டில் அவரால் மணக்க முடியவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி, 1966-இல் நியூயார்க் போய் மணம் முடித்தார். திரும்பி வந்து அதே நாற்காலியில் அமர்ந்து, 1981 வரை தீர்ப்பு எழுதினார், நடுவர் அவர்களே.