கண் இங்கே, கவனம் அங்கே

அனைவருக்கும் வணக்கம். ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பார்வையை என் முகத்திலேயே வையுங்கள். கண்ணைத் துளியும் அசைக்காமல், உங்கள் இடப்பக்கம் இருப்பவர் என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார் என்று பாருங்கள். தெரிகிறதா? கண் நகரவில்லை, ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று அந்தப் பக்கம் போய் வந்தது. அதைத்தான் கவனம் என்கிறோம்.

ஆய்வகத்தில் ரீசஸ் குரங்குக்கும் இதையேதான் பழக்குகிறார்கள். திரை நடுவே ஒரு புள்ளி. கண் அதிலேயே நிற்க வேண்டும். இரு பக்கமும் கோடு போட்ட இரண்டு வட்டங்கள். கவனிக்கச் சொன்ன பக்கத்தில் கோடு லேசாகச் சாய்ந்தால் குரங்கு அதைத் தெரிவிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் வாயில் சில சொட்டு ஜூஸ். இந்தக் கடைக்கண் பார்வையைப் பழக மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன், மனிதர்களுடையதையும் குரங்கினுடையதையும்.

எலி போதாதா என்று கேட்பீர்கள். எலிக்கு நம்மைப் போல விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் குழி கிடையாது. சுண்டெலி மூளையில் சுமார் 7 கோடி நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள். ரீசஸ் குரங்குக்கு 600 கோடிக்கும் மேல். பார்வையும் கவனமும் நம்மோடு ஒத்துப்போவது குரங்கிடம்தான்.

2003இல் டிரின் மூர், கேத்தரின் ஆம்ஸ்ட்ராங் என்ற மூளை ஆய்வாளர்கள் குரங்கில் ஒன்று செய்தார்கள். முன்மூளையில் கண்ணைத் திருப்பும் பகுதி ஒன்று உண்டு. அங்கே, கண் அசையாத அளவுக்கு மிக மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். தூரத்தில், பார்வையைக் கையாளும் வி4 பகுதியில் அதே இடத்தைப் பார்க்கும் நியூரான்கள் சுறுசுறுப்பாயின. கவனத்தின் ஒரு வழித்தடம் பிடிபட்டது. ஆனால் மின்சாரத்துக்கு ஆள் பார்த்துத் தொடத் தெரியாது. பக்கத்து நியூரான், அவ்வழியே கடந்து போகும் நரம்பிழை, எல்லாவற்றையும் சேர்த்தே உசுப்பிவிடும்.

இங்கேதான் குட்டையில் மிதக்கும் ஒரு பச்சைப் பாசி உதவிக்கு வந்தது. கிளாமிடோமோனாஸ் என்ற அந்தப் பாசியிடம், நீல ஒளி பட்டதும் திறந்துகொள்ளும் ஒரு புரதக் கதவு இருக்கிறது. அதற்கான மரபணுவை ஒரு தீங்கற்ற வைரஸில் ஏற்றி நியூரானுக்குள் அனுப்பினால், நியூரானும் ஒளிக்கு விழித்துக்கொள்ளும். 2005இல் வளர்ப்புத் தட்டில் இருந்த நியூரான்களில் இது நடந்தது. 2009இல் குரங்கு மூளைக்கு வந்தது.

எந்த நியூரானுக்குள் அனுப்புவது என்பதுதான் கஷ்டம். எலியில் மரபணு மாற்றிய வம்சங்களையே வளர்த்து வைத்திருக்கிறார்கள். குரங்கு பெரியவளாகவே வருடங்கள் ஆகும், அந்த வழி லேசில் வராது. ஆகவே 2016இல் ஸ்டாஃபர் குழுவினர் இரண்டு வைரஸ்களைச் சேர்த்து அனுப்பினார்கள். ஒன்று சாவி: டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் செய்யும் நியூரானில் மட்டுமே அது தயாராகும். மற்றொன்றில் பாசி மரபணு பூட்டிக் கிடக்கும். சாவி இருக்கும் வீட்டில்தான் பூட்டு திறக்கும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

ஜப்பானில் இனோவே குழு 2015இல் வேறு வழி கண்டது. வைரஸை, கண்ணைத் திருப்பும் அந்த முன்மூளைப் பகுதியில் போட்டு, ஒளியை அங்கிருந்து நரம்பிழை போய் முடியும் நடுமூளையில் பாய்ச்சினார்கள். இரண்டு ஊருக்கு நடுவே போகும் ஒரே ஒரு சாலையில் மட்டும் வண்டி ஓட்டியது போல, குரங்கின் கண் திரும்பியது.

மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு சிறு புள்ளி இருக்கிறது. நீல இடம் என்று பொருள். மூளை முழுவதற்கும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. விழிப்பு, பதற்றம் இவற்றுக்கான பொதுவான மணி அது என்று வெகுகாலம் நினைத்தோம். சுப்ரியா கோஷும் ஜான் மான்செலும் குரங்கில் ஒரு பக்கத்தில் மட்டும் அந்த நியூரான்களை ஒளியால் தட்டியபோது, அதற்கு எதிர்ப்பக்கக் காட்சியைப் பிரித்தறியும் திறன் கூடியது. பொதுவான மணியென்றால் இரு பக்கமும் ஒன்றுபோல் அல்லவா கூடியிருக்க வேண்டும்?

கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்துகளில் பலவும் இதே நார்அட்ரினலினைத்தான் கூட்டுகின்றன, மூளை முழுவதற்கும் சேர்த்து. அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது எந்த ஒரு சாலை என்பதை, திரைப் புள்ளியை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் குரங்கிடம்தான் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.