கிளவுட் கம்ப்யூட்டிங்: பப்ளிக், பிரைவேட், கம்யூனிட்டி, ஹைப்ரிட் – எது யாருக்கு?

[திரையில்: தலைப்பு. பின்னால் டேட்டா சென்டர் ரேக் வரிசை.]

வணக்கம். ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையில் 10 சர்வர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பல விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள், ஓடுகின்றன. "நம்மிடம் பிரைவேட் கிளவுட் இருக்கிறது" என்கிறது ஐடி பிரிவு. ஆனால் ஒரு டெவலப்பருக்குப் புது மெஷின் தேவைப்பட்டால் டிக்கெட் போட வேண்டும், மேலாளர் ஒப்புதல் தர வேண்டும், அட்மின் ஒருவர் உட்கார்ந்து உருவாக்கித் தர வேண்டும். 3 நாள் ஆகிறது. இது விர்ச்சுவலைசேஷன். கிளவுட் அல்ல.

எது கிளவுட் என்று பார்க்க நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2011 செப்டம்பரில் வெளியிட்ட 800-145 என்ற ஆவணம். சில பக்கங்கள்தான், ஆனால் இன்றும் எல்லோரும் அங்கேதான் திரும்பிப் போகிறார்கள். கிளவுட் என்றால் 5 தன்மைகள் இருக்க வேண்டும் என்கிறது அது.

[திரையில் ஒவ்வொன்றாக: சுயசேவை – நெட்வொர்க் அணுகல் – பொதுத் தொகுப்பு – நெகிழ்வு – அளவீடு]

இடையில் ஆள் இல்லாமல், வேண்டியதைப் பயனரே எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். லேப்டாப், மொபைல் எதிலிருந்தும் நெட்வொர்க் வழியாக எட்ட வேண்டும். ஹார்டுவேர் முழுவதும் ஒரே தொகுப்பாக இருந்து பலருக்கும் பிரித்துத் தரப்பட வேண்டும். தேவை ஏறினால் சட்டென்று கூட்டவும், இறங்கினால் குறைக்கவும் வழி வேண்டும். யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதை மீட்டர் போல அளக்க வேண்டும்.

அந்த சர்வர் அறை முதல் தன்மையிலேயே தோற்றுவிட்டது. பெரும்பாலும் ஐந்தாவதிலும் தோற்கும். எந்தப் பிரிவு எவ்வளவு எடுத்திருக்கிறது என்ற கணக்கு இல்லாத இடத்தில் யாரும் எதையும் திருப்பித் தருவதில்லை. மாதக்கணக்கில் தொடாத மெஷின்கள் மெமரியைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

[காட்சி: கிளவுட் கன்சோல். "உருவாக்கு" பொத்தான் மீது கர்சர்.]

இப்போது ஒரு மெஷினை உருவாக்கப் பொத்தானை அழுத்துகிறோம். உள்ளே என்ன நடக்கிறது? அந்த அழுத்தம் ஓர் ஏபிஐ கோரிக்கையாக, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்கும் கோரிக்கையாக, கிளவுடை இயக்கும் மென்பொருளான கட்டுப்பாட்டு அடுக்குக்குப் போகிறது. கேட்பவர் யார், இதைச் செய்ய அவருக்கு அனுமதி உண்டா என்று முதலில் பார்க்கிறது. அடுத்து, அவருக்கு ஒதுக்கிய அளவு தாண்டவில்லையே என்று பார்க்கிறது. பிறகு எந்த மெஷினை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர், கேட்ட அளவு சிபியூவும் மெமரியும் காலியாக உள்ள ஒரு ஹோஸ்டை, அதாவது நிஜ சர்வரை, தேடிப் பிடிக்கிறது. டிஸ்க் ஒதுக்கப்படுகிறது, விர்ச்சுவல் நெட்வொர்க் கார்டு மாட்டப்படுகிறது, ஐபி முகவரி கொடுக்கப்படுகிறது, இமேஜ் எனப்படும் தயார்நிலை ஆபரேட்டிங் சிஸ்டம் பிரதியிலிருந்து மெஷின் பூட் ஆகிறது. பில் கணக்கும் ஓடத் தொடங்குகிறது. பல நேரம் இவ்வளவும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஆகவே சர்வர்களை வாங்கி அடுக்குவது பாதி வேலைதான். கிளவுடைக் கிளவுட் ஆக்குவது இந்தக் கட்டுப்பாட்டு அடுக்கு.

சேவை வகைகளை ஒரு வரியில் பார்த்துவிடுவோம். ஐயாஸ் என்றால் மெஷின், டிஸ்க், நெட்வொர்க் கிடைக்கும். ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து மேலே எல்லாம் உங்கள் பாடு. பாஸ் என்றால் நீங்கள் எழுதிய புரோகிராமை மட்டும் கொடுத்தால் போதும். சாஸ் என்றால் மெயில் போல, திறந்து பயன்படுத்த வேண்டியதுதான். இவை "என்ன கிடைக்கிறது" என்பதைச் சொல்கின்றன. நாம் பேச வந்தது வேறு கேள்வி: அந்த ஹார்டுவேரை யாரோடு பகிர்கிறோம், அது பழுதானால் நள்ளிரவில் எழுந்து பார்ப்பவர் யார்? அதைத்தான் டெப்ளாய்மென்ட் மாடல் என்கிறோம். நிஸ்ட் கணக்கில் 4.

[திரையில்: பப்ளிக் கிளவுட்]

அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 ஸ்டோரேஜையும் அதே ஆண்டு ஆகஸ்டில் இசி2 மெஷின்களையும் வெளியிட்டது. இன்று நாம் பார்க்கும் பப்ளிக் கிளவுட் அங்கிருந்துதான் வளர்ந்தது. ஹார்டுவேர் வழங்குநருடையது, ஒரே ஹோஸ்டில் உங்கள் மெஷினும் முன்பின் தெரியாத இன்னொருவர் மெஷினும் ஓடும். டிஸ்க் கெட்டால் மாற்றுவது அவர்கள் வேலை. மெஷினுக்குள் பேட்ச் போடுவது, யாருக்கு என்ன அனுமதி என்று வைப்பது, பேக்கப் எடுப்பது உங்கள் வேலை. இந்த எல்லைக்கோடு புரியாமல்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. ஃபைல்கள் வைக்கும் ஸ்டோரேஜ் பக்கெட்டை "யார் வேண்டுமானாலும் படிக்கலாம்" என்று விட்டுவிட்டு, கிளவுட் பாதுகாப்பானது அல்ல என்று சொல்வதில் நியாயமில்லை.

எஸ்எல்ஏ எண்களையும், அதாவது சேவை எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும் என்று வழங்குநர் ஒப்பந்தத்தில் தரும் உறுதியையும், நிதானமாகப் படியுங்கள். 99.9 சதவீதம் என்றால் 30 நாளில் சுமார் 43 நிமிடம் நின்றாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. உங்கள் ஆப் ஒரு சேவையிலும் அதன் டேட்டாபேஸ் இன்னொரு சேவையிலும் இருந்து, இரண்டுக்கும் 99.9 என்றால், இரண்டும் சேர்ந்து 99.8 சதவீதம்தான். நிற்கக்கூடிய நேரம் இரு மடங்காகி 86 நிமிடம். அதற்கு மேல் நின்றால் கிடைப்பது வழக்கமாக அடுத்த பில்லில் ஒரு கழிவு. உங்கள் வியாபார நஷ்டத்தை யாரும் ஈடு செய்ய மாட்டார்கள்.

[திரையில்: 2017 பிப்ரவரி 28]

அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா ரீஜனில், அதாவது அந்தப் பகுதியிலுள்ள டேட்டா சென்டர் தொகுதியில், எஸ்3 பில்லிங் பகுதியில் ஒரு கோளாறைச் சரிபார்க்கும்போது கட்டளை ஒன்றில் தவறான மதிப்பு கொடுக்கப்பட்டது. எடுக்க நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் விலகிவிட்டன. எஸ்3 முழுமையாகத் திரும்ப 4 மணி நேரத்துக்கு மேல் ஆனது. நிலவரத்தைக் காட்ட வேண்டிய அமேசானின் பக்கமே எஸ்3-ஐ நம்பியிருந்ததால், அதையும் சிறிது நேரம் புதுப்பிக்க முடியவில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் கிளவுட் வழங்குநரான ஓவிஹெச் நிறுவனத்தின் எஸ்பிஜி2 டேட்டா சென்டர் தீயில் அழிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். முக்கியமான பேக்கப் வேறு ரீஜனில், முடிந்தால் வேறு அக்கவுன்டில் இருக்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம்.

[திரையில்: பிரைவேட் கிளவுட்]

முழு கிளவுடும் ஒரே அமைப்புக்கு. உங்கள் கட்டடத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேறொருவர் இடத்தில், வேறொருவர் பராமரிப்பில்கூட இருக்கலாம். பப்ளிக் கிளவுடில் கிடைக்கும் விபிசியை, அதாவது விர்ச்சுவல் பிரைவேட் கிளவுடை, இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே பிரிந்திருப்பது உங்கள் நெட்வொர்க், ஹார்டுவேர் பொதுவானதுதான்.

பிரைவேட் கிளவுட் கட்ட ஓபன்ஸ்டாக் போன்ற மென்பொருள்கள் உள்ளன. நாசாவும் ராக்ஸ்பேஸும் 2010-ல் தொடங்கியது அது. இலவசமாகவே கிடைக்கும். செலவு வருவது வேறு இடத்தில். ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

[திரையில்: 4 ஹோஸ்ட் × 512 ஜிபி = 2048 ஜிபி → 1440 ஜிபி]

512 ஜிபி மெமரி கொண்ட 4 ஹோஸ்ட்கள் வாங்குகிறீர்கள். ஒன்று விழுந்தால் அதிலிருந்த மெஷின்கள் மற்ற மூன்றில் ஏற இடம் வேண்டும். எனவே கையில் இருப்பது 3 ஹோஸ்ட்தான். ஒவ்வொன்றிலும் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்கும் ஸ்டோரேஜ் வேலைகளுக்கும் 32 ஜிபி ஒதுக்கினால் மிச்சம் 1440 ஜிபி. வாங்கியது 2048. டிஸ்க் கணக்கு இன்னும் கடுமை. பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒன்றாக்கும் செஃப் ஸ்டோரேஜில் ஒவ்வொரு தகவலையும் 3 பிரதியாக வைப்பது வழக்கம். 100 டிபி வாங்கினால் 33 டிபி. அதிலும் 85 சதவீதம் நிரம்பியதும் எச்சரிக்கை வரும், 95-ல் எழுதுவதே நின்றுவிடும். ஆக நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது 28 டிபி. கட்டுப்பாட்டு சர்வர்களும் 3 வேண்டும். இரண்டே இருந்து இடையில் தொடர்பு அறுந்தால், எது சொல்வது சரி என்று முடிவு செய்யப் பெரும்பான்மை இருக்காது. பட்ஜெட் போடும்போது இந்தக் கழிவுகளை விட்டுவிட்டுப் பப்ளிக் கிளவுட் விலையோடு ஒப்பிட்டால், ஒப்பீடே தப்பு.

இருந்தாலும் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் ஓடும் வேலைக்கும், டேட்டா வெளியே போகவே கூடாது என்ற சட்டம் உள்ள இடத்துக்கும், அதைப் பார்த்துக்கொள்ளத் திறமையான குழு இருந்தால், பிரைவேட் கிளவுட் நல்ல முடிவு. குழு இல்லையென்றால் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

[திரையில்: கம்யூனிட்டி கிளவுட்]

ஒரே விதமான விதிமுறைக்குக் கட்டுப்பட்ட சில அமைப்புகள் சேர்ந்து பயன்படுத்துவது. அமெரிக்க அரசுத் துறைகளுக்காக 2011-ல் வந்த அமேசானின் கவ்கிளவுட் ரீஜனைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். இதில் தொழில்நுட்பம் பிரச்சினை இல்லை. அப்கிரேடுக்கு நாள் குறிப்பது யார், ஓர் உறுப்பினர் விலகினால் அவர் பங்குச் செலவு யார் தலையில் என்பதுதான் பிரச்சினை. சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

[திரையில்: ஹைப்ரிட் கிளவுட். இரு பெட்டிகள், நடுவில் ஒரு கோடு.]

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பப்ளிக்கில் ஒன்று, நம் சொந்த இடத்துக்கு உள்ளே ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்தால் அது ஹைப்ரிட் ஆகாது. டேட்டாவும் ஆப்பும் இரண்டுக்கும் இடையே போய்வர, இரண்டையும் பிணைக்கும் தொழில்நுட்பம் இருக்க வேண்டும். இரண்டு பப்ளிக் வழங்குநர்களை வைத்திருப்பதற்கு மல்டி கிளவுட் என்று பெயர். நடைமுறையில் சிக்கல் எல்லாம் நடுவில் உள்ள அந்தக் கோட்டில்தான்.

முதல் சிக்கல் ஐபி முகவரி. உள்ளேயும் 10.0.0.0/16, கிளவுடிலும் 10.0.0.0/16 என்று ஒரே முகவரி வரம்பை வைத்துவிட்டால், இரண்டையும் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் போட்டாலும் பாக்கெட் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ரூட்டருக்குத் தெரியாது. பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதல் நாளே மோதாத வரம்பு ஒதுக்குங்கள்.

இரண்டாவது, விசித்திரமாகத் தெரியும் ஒரு பழுது. இணைப்பைச் சோதிக்கும் பிங் போகிறது, லாகின் பக்கம் வருகிறது, ஆனால் பெரிய ஃபைலை அனுப்பினால் அப்படியே தொங்குகிறது. ஃபயர்வாலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு. 1500 பைட் பாக்கெட் மேல், விபிஎன்னில் தகவலை மறைத்து அனுப்பும் ஐபிசெக் தன் தலைப்பைச் சேர்த்ததும் அளவு மீறுகிறது. "சிறிதாக்கு" என்று நெட்வொர்க்கிலிருந்து திரும்பி வரும் ஐசிஎம்பி எனப்படும் அறிவிப்புச் செய்தியை வழியில் எதுவோ தடுத்துவிடுகிறது. விபிஎன் கருவியில் டிசிபி எம்எஸ்எஸ் மதிப்பை, அதாவது ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தகவலின் உச்ச அளவை, 1350 அளவுக்கு இறக்கிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது.

[திரையில்: 200 கேள்விகள் × 10 மில்லிசெகண்ட் = 2 செகண்ட்]

ஆப்பைக் கிளவுடுக்கு மாற்றி, டேட்டாபேஸை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். ஃபைபரில் ஒளி செகண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1000 கிலோமீட்டர் தூரம் போய்வரவே குறைந்தது 10 மில்லிசெகண்ட். ஒரு பக்கம் திறக்க ஆப் ஒன்றன்பின் ஒன்றாக 200 கேள்வி கேட்டால், முன்பு கேள்விக்கு அரை மில்லிசெகண்ட் வீதம் 0.1 செகண்டில் முடிந்தது இப்போது 2 செகண்ட். பெரிய மெஷின் வாங்கினாலும் இது குறையாது. அடிக்கடி பேசிக்கொள்ளும் இரண்டை ஒரே பக்கம் வையுங்கள்.

டேட்டாவை நகர்த்தும் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். 10 டிபியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அனுப்ப, இணைப்பு முழுதும் அதற்கே கிடைத்தாலும், 9 நாளுக்கு மேல் ஆகும். 1 ஜிபிபிஎஸ் என்றால் 22 மணி நேரம். இடைப்பட்ட நேரத்தில் பழைய பக்கம் மாறிய தகவல்களை மறுபடி அனுப்ப வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

[காட்சி: பில் பக்கம். வரிகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

எந்த மாடலை எடுத்தாலும், மாறும் முன் 4 வாரத்துக்கு சிபியூ, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் பயன்பாட்டைப் பதிவு செய்யுங்கள். மாதக் கடைசி உச்சம் அதில் விழுந்தே ஆக வேண்டும். உச்சம் சராசரியைவிடப் பல மடங்கு இருந்தால் பப்ளிக் பக்கம் லாபம். இரண்டும் நெருங்கி இருந்தால் பிரைவேட் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பப்ளிக்கில் மெஷினை நிறுத்தினாலும் அதன் டிஸ்க், ஸ்னாப்ஷாட் எனப்படும் டிஸ்க் பிரதி, ஒதுக்கிய ஐபி ஆகியவற்றுக்குப் பில் ஓடும். டேட்டா உள்ளே வருவதற்கு வழக்கமாகக் கட்டணம் இல்லை, வெளியே எடுப்பதற்கு உண்டு. பட்ஜெட் எச்சரிக்கையை முதல் நாளே போடுங்கள். ஆனால் அது மெயில் அனுப்புமே தவிர, தானாக எதையும் நிறுத்தாது. நிறுத்தும் வேலையைத் தனியாக எழுதி வைக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன், உங்கள் முழு டேட்டாவையும் வெளியே எடுக்க என்ன செலவு, எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பேக்கப்பை வேறு இடத்தில் உண்மையிலேயே மீட்டெடுத்து, ஆப் அதில் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.