முதலில் ஓதம், அப்புறம்தான் பெயின்ட்

நேயர்களுக்கு வணக்கம்.

பொங்கல் நெருங்கிவிட்டால் வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் பெயின்ட் கடைகளில் நிற்க இடம் இருக்காது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். வருடத்திலேயே சுவர் அதிகமாகத் தண்ணீர் குடித்திருக்கிற நேரம் அது. அந்தச் சுவர்மேல் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, விலை கூடிய எமல்ஷனையும் அடித்து மூடிவிடுகிறோம். சித்திரை வெயிலில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரப் பார்க்கும். பெயின்ட் வழிவிடாது. கொப்புளமாகக் கிளம்பி, பட்டியோடு சேர்ந்து உதிரும். உடனே பெயின்ட்டைக் குறை சொல்வோம், அடித்தவரைக் குறை சொல்வோம். கையில் சேர்ந்த பணத்தை எதற்கு முதலில் செலவழித்தோம் என்று யோசிக்க மாட்டோம். முதல் செலவு தண்ணீரை நிறுத்த, அடுத்தது கறையானுக்கு, அழகு கடைசியில். இந்த வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்பதைச் சுவரே காட்டிக்கொடுக்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம், சுவரின் நீளத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் பட்டையாக நிற்கும். பெரும்பாலும் மூன்றடியைத் தாண்டாது. அந்தப் பட்டையின் மேல் விளிம்பில் உப்பு பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். குழாய்க் கசிவு ஒரே இடத்தில் திட்டாக, கோடையிலும் காயாமல் இருக்கும். பாத்ரூமுக்கு மறுபக்கச் சுவரைப் பாருங்கள். மொட்டைமாடியிலிருந்து இறங்குவது மழைக்கு மழை பெரிதாகி, வெயிலில் பழுப்பு வளையமாக நின்றுவிடும். குழப்பமாக இருந்தால் ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. அங்கே கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் ஜன்னலைத் திறந்து பாருங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்துக்கு உப்பு ஒரு கூடுதல் தொல்லை. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை பல வீடுகளில் போர் தண்ணீர் கரிக்கும். அந்தத் தண்ணீரில் கலவை குழைத்து, பூசிய சுவரை நனைக்கவும் அதையே ஊற்றினால், உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசியதாகிவிடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். மழையே இல்லாத நாளில், கடல்காற்று திரும்பிய மாலையில், சுவர் நனைந்தாற்போல் கறுப்பது இதனால்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி சொல்கிறது. சோதனைக்கு அனுப்ப வசதியில்லையா? நாக்கில் கரிக்கிற தண்ணீரைக் கலவைக்கும் சேர்க்காதீர்கள், நனைக்கவும் பயன்படுத்தாதீர்கள். அந்தச் சில நாளுக்கு லாரித் தண்ணீர் வாங்குவது வீண் செலவல்ல.

இனி வைத்தியம். ஓதம் தெரியும் கோட்டுக்கு மேல் இன்னும் ஓரடி வரை, செங்கல் தெரியும்படி பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்ட வேண்டும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி செங்கலுக்குள்ளேயே போகும். பிறகு சுவரைத் திறந்தபடியே விடுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் ஒரு வாரத்தில் காயாது, குறைந்தது ஒரு மாதம் வேண்டும். இந்த வேலைக்குப் பங்குனி முதல் ஆனி வரை நல்ல காலம்.

பூச்சு எதில் என்பது சுவரைப் பொறுத்தது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு என்றால் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. அந்தச் சுவர்மேல் கெட்டியான சிமென்ட் பூச்சு போட்டால் ஈரம் அந்த இடத்தில் வெளியேற முடியாமல், மூன்றடியில் நின்றது ஐந்தடிக்கு ஏறும். சிமென்ட்டில் கட்டிய வீட்டுக்குச் சிமென்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து என்ற கலவை, 50 கிலோ மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்புரூஃப் திரவம். மேலே வெறும் சிமென்ட்டைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டாம். சிமென்ட் பூச்சை ஏழு நாள் நனைத்து, 28 நாள் கழிந்த பிறகே பிரைமர். கீழிருந்து ஏறும் தண்ணீரைப் பூச்சு மட்டும் நிறுத்தாது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிப்புற மண்மட்டம் உள்தரைக்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். அதற்கு வழியே இல்லாத இடத்தில், தரைக்கு ஆறு அங்குலம் மேலே, நான்கைந்து அங்குல இடைவெளியில் 12 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, சிலேன் சிலாக்சேன் வகை நீர்விலக்கி மருந்தை ஏற்றுவார்கள். சுவர் அதைக் குடிப்பதை நிறுத்தும் வரை ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் பயனில்லை.

கல்யாணம் வருகிறது, காத்திருக்க முடியாது என்பவர்கள் கீழ் மூன்றடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, மேலே விருப்பப்பட்ட பெயின்ட்டை அடிக்கலாம். சுண்ணாம்பு ஈரத்துக்கு வழிவிடும், அடுத்த வருடம் மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஓதச் சுவரை மறைக்க நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டுவதையோ, பி.வி.சி. பேனல் அடிப்பதையோ வேண்டாம் என்றே சொல்வேன். டைல்ஸுக்கு மேலே ஓதம் ஏறும். பேனலுக்குப் பின்னால் பூஞ்சையும் கறையானும் கண்ணுக்குத் தெரியாமல் பெருகும். அதைத் தாங்கப் பின்னால் மரச்சட்டம் அடித்திருந்தால் கறையானுக்கு விருந்து வைத்த மாதிரிதான்.

அடுத்தது தரையை உயர்த்துவது. ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வீடு பள்ளத்தில் கிடக்கும் தெருக்கள் நம் பக்கம் ஏராளம். மழைக்குத் தண்ணீர் உள்ளே வருகிறது, ஓரடி ரெண்டடி தூக்கலாம் என்று இறங்குகிறோம். அப்போது அஸ்திவாரத்துக்கு மேலே போட்ட பழைய ஈரத்தடுப்பு அடுக்கு புது நிரப்பலுக்குக் கீழே புதைந்துபோகும். நிரப்பிய மணலில் ஊறும் ஈரம் அந்த அடுக்கைத் தாண்டி, நேராகச் சுவருக்குள் ஏறும். உயர்த்திய ஒரு வருடத்தில் புதுத் தரைக்கு மேலே ஓதம் வருவது இப்படித்தான். ஆகவே புதையப் போகிற சுவர்ப் பகுதிக்கு முதலில் வாட்டர்புரூஃப் பூச்சு போட்டு, அதைப் புதுத் தரைக்கு மேலே ஆறு அங்குலம் வரை கொண்டுவர வேண்டும். நிரப்பும்போது ஆறு அங்குலமாகப் போட்டுத் தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். இடித்த கட்டட ரப்பிஷைக் கொட்டினால் அதில் பலகைத் துண்டு, மரச்சில்லு, காகித மூட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. மேலே 250 மைக்ரான் பாலித்தீன் தாளை ஆறு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நான்கு அங்குல ஜல்லி கான்கிரீட், அப்புறம் டைல்ஸ். ஆரம்பிக்கும் முன் நிலைவாசலின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஆறே முக்கால் அடி நிலையில் ரெண்டடி போனால் குனிந்துதான் நுழைய வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் வண்ணாரப்பேட்டையில் உள்ளதுபோல் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருக்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது.

பழைய வீட்டில் ஹாலையும் சமையலறையையும் சேர்க்க நடுச்சுவரை எடுக்கலாமா? மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகள்மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய வீடு என்றால் முதலில் அண்ணாந்து பாருங்கள். தேக்குக் கட்டைகள் எந்தச் சுவரில் போய் உட்காருகின்றனவோ அந்தச் சுவரைத் தொடவே கூடாது; தளத்தின் மொத்தக் கனமும் அதில்தான் நிற்கிறது. கட்டைக்கு இணையாக ஓடும் நாலரை அங்குலச் சுவராக இருந்தாலும், பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே சுத்தியலை எடுக்க வேண்டும். கட்டை முதலில் உளுத்துப்போவது சுவருக்குள் நுழையும் முனையில்தான், மழை ஈரம் அங்கேதான் தேங்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை அந்த இடத்தில் அழுத்துங்கள். நல்ல தேக்கு நுனியைக்கூட உள்ளே விடாது. அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டைக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. கட்டைக்குக் கீழே தரையில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் அது துளைக்கும் வண்டு; மண்குழாய் ஓடியிருந்தால் கறையான். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

அந்தத் தளத்தின்மேல் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் வைப்பது ஒரு டன் கனத்தை ஏற்றுவது. வைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு சுவர் சந்திக்கும் மூலையில், இரும்புச் சட்டத்தின்மேல் வையுங்கள். ஒழுக்கு பார்க்கக் குழாயை அடைத்துத் தண்ணீர் தேக்குவதும் கான்கிரீட் தளத்துக்கு மட்டும். இருநூறு சதுரடி அறைமேல் இரண்டு அங்குலத் தண்ணீரே ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் குறைவு. தட்டோட்டுத் தளத்தில் ஒழுகினால் ஓட்டு இடுக்குகளையும், கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் சரிசெய்து, பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிற தளத்தின்மேல் இன்னொரு அடுக்குச் சிமென்ட் போட்டுக் கனம் கூட்டாதீர்கள்.

கான்கிரீட் வீடுகளில் சன்ஷேடு, லாஃப்ட், பால்கனி அடிப்பக்கம் பெயர்ந்து கம்பி தெரிவது கடற்கரைப் பக்கம் சகஜம். துரு பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. பெயர்ந்த இடத்தை மட்டும் பூசி மூடினால் அடுத்த மழைக்குள் அந்தப் பூச்சும் விழும், யார் தலையிலாவது விழும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போய், பொத்தென்று சத்தம் வரும் எல்லை வரை உடைத்தெடுக்க வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் இரண்டு சென்டிமீட்டர் வெற்றிடம் வர வேண்டும். கம்பியைப் பளபளக்கும் வரை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, அன்றைக்கே துத்தநாக பிரைமர் அடித்து, ஒட்டும் கோட்டிங் ஈரமாக இருக்கும்போதே பாலிமர் கலந்த சிமென்ட் கலவையை அரை அங்குல அடுக்குகளாக ஏற்ற வேண்டும். கம்பி கணிசமாகத் தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்காமல் மூடாதீர்கள்.

சமையலறை அலமாரிக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓதச் சுவரில் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு போன்ற, மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் வேண்டாம். பிளைவுட் என்றால் தண்ணீர் தாங்கும் வகைக்கான ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். சிங்க்குக்குக் கீழே அதுவும் வேண்டாம், கடப்பாக்கல் பலகை போதும். அதைக் கறையான் தின்னாது.

கறையானுக்கு மண்குழாயைத் துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவது நம் வழக்கம். கூட்டம் மண்ணுக்கடியில் இருக்கிறது, பத்து நாளில் வேறு வழியில் ஏறும். குடியிருக்கும் வீட்டுக்கு ஐ.எஸ். 6313 சொல்லும் முறையில், சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் மருந்துக் கரைசல் இறக்க வேண்டும். இமிடாக்ளோபிரிட் 30.5 எஸ்.சி. என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. துளை ஆழம் தளத்தைத் தாண்டி மண்ணைத் தொட வேண்டும். டைல்ஸ் கனத்துக்கு மட்டும் துளை போட்டு மூடிவிட்டுப் போவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் ஏமாற்று, பக்கத்தில் நின்று பாருங்கள். சம்ப் தொட்டியும் போரும் இருக்கும் பக்கத்தில் துளையே வேண்டாம். தரையை மாற்றப் போகிறீர்கள் என்றால் புது டைல்ஸுக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

தோட்டத்துக்கு வருவோம். பெருச்சாளி மதிலோரம் தோண்டினால் மண்ணை அள்ளி மூடுவது பயன் தராது. அது வரும் வழி பெரும்பாலும் உடைந்த கழிவுநீர்க் குழாயோ, மூடியில்லாத சேம்பரோதான். அதைச் சரிசெய்து, வளையில் ஜல்லியும் கண்ணாடித் துண்டும் கலந்த கான்கிரீட் இறக்குங்கள். விஷம் வைத்தால் தரைக்கடியில் செத்து நாறும். கூண்டில் கருவாடு வையுங்கள். முதல் இரண்டு மூன்று இரவு கதவைக் கட்டித் திறந்தே வைத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் பொறியைப் போடுங்கள்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியிருந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும், எதிரிப் பூச்சிகளை அண்டவிடாது. அடியில் எறும்பு ஏறாமல் தடுத்து, மோசமான கிளைகளை வெட்டி மூட்டைகட்டி அப்புறப்படுத்தி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை அடியுங்கள். தென்னை ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை படிந்து கீழ் ஓலை கறுத்திருந்தால் அது சுருள் வெள்ளை ஈ, தமிழ்நாட்டில் 2016 முதல் இருக்கிறது. அதற்குப் பூச்சிமருந்து அடித்தால் அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவி சாகும், ஈ இன்னும் கூடும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளைக் கட்டுங்கள். கரும்பூஞ்சைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சித் தெளித்தால் காய்ந்து உரிந்துவிடும்.

அடைமழைக்குப் பிறகு முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தால் பலர் மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். வெட்ட வேண்டியதில்லை. அந்தப் புழு இரவில் ஏறி இலை தின்னும். பகலில் அடிமரத்தில் கம்பளி போர்த்தியதுபோல் கூட்டமாக ஒட்டியிருக்கும். அந்தப் பகல் நேரத்தில் கெட்டியான சோப்புத் தண்ணீரை நன்றாக நனையும்படி அடித்து, விழுவதை நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் வாளி சோப்புத் தண்ணீரில் தள்ளுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றினால் பட்டை வெந்துவிடும். இலை சமையலுக்கு வருவதால் விஷ மருந்தும் கூடாது. முடி மேலே பட்டுவிட்டால் சொறியாமல், செலோ டேப்பை ஒட்டி உரித்தெடுத்துச் சோப்பால் கழுவுங்கள். முருங்கைக் கிளை மெத்து, புயல் காற்றுக்கு நிற்காது. புரட்டாசிக்குள் நீளக் கிளைகளைக் கழித்துவிட்டால் காற்றுக்கும் தப்பும், புழு வந்தாலும் கைக்கு எட்டும்.

நன்றி, வணக்கம்.