லாக்டவுன் பொற்காலமா? நல்லா வருது வாயில! | மொட்டை மாடி சாவி கிடைச்சிடுச்சு

ஹாய் மக்களே. இன்னைக்கு மிக்ஸி ரிவ்யூன்னு சொல்லியிருந்தேன், தெரியும். அது அடுத்த வாரம். இன்னைக்கு நான் செம கடுப்புல இருக்கேன்.

நேத்து ராத்திரி ஒரு ரீல் வந்துச்சு. டல்கோனா காபி, கேரம் போர்டு, குக்கர்ல கேக். "2020 லாக்டவுன்தான் நம்ம பொற்காலம், குடும்பமே ஒண்ணா இருந்தோம்"னு ஒருத்தர் உருகுறார். கீழ வரிசையா ஹார்ட். ஏங்க, அந்த காபிய கை வலிக்க அடிச்சது யாரு? கப்பைக் கழுவினது யாரு? டல்கோனா எனக்கு அப்பவே ஆகாது, டிகாக்‌ஷன் இல்லாம என்ன காபி, அது வேற பஞ்சாயத்து.

அரசாங்கமே 2019ல ஒரு சர்வே எடுத்துச்சு, யார் எதுக்கு எவ்வளவு நேரம் செலவு பண்றாங்கன்னு. வீட்டு வேலை செய்றவங்கள்ல பொம்பளைங்க ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம். இது கொரோனாவுக்கு முன்னாடிங்க! அப்புறம் வேலைக்கு வர்ற அக்காவ கேட்லயே நிறுத்தியாச்சு, ஸ்கூல் போனுக்குள்ள வந்துச்சு, ஆபீஸ் ஹாலுக்கு வந்துச்சு. எங்க வீட்ல யாரும் கெட்டவங்க இல்ல, மாமியார் தங்கம். ஆனா தனியா உக்காந்து அழ ஒரு இடம் இல்ல. பாத்ரூமுக்குள்ள போய் தாழ் போட்டா "உப்பு டப்பா எங்க?"ன்னு கதவைத் தட்டுவாங்க.

சரி, சாவி மேட்டருக்கு வரேன். 2020 ஜூன்ல, 19ல இருந்து 30 வரைக்கும் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு போட்டாங்கல்ல, அப்போ எங்க அசோசியேஷன் மொட்டை மாடியப் பூட்டுச்சு. ஊரே திறந்தாச்சு, மாடி மட்டும் திறக்கல! கேட்டா "சேஃப்டி மா". கடைசியா வடாம் காயப்போடணும்னு லெட்டர் எழுதி கையெழுத்து வாங்கினோம். சாவி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, டூப்ளிகேட் நீங்களே போட்டுக்கோங்கன்னுட்டாங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல குடை போட்டு உக்காந்திருப்பாரே அந்த அண்ணன், 150 கேட்டார். திண்டுக்கல் பூட்டும்மா, ராவ நேரமாகும்னார். நான் விடல. 90! போட்டுக் கொடுத்தது பாதி சுத்திட்டு நின்னுடுச்சு. திரும்பப் போய் ராவி வாங்கி, பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு... அந்த 'டக்' சத்தம் இருக்கே, மக்களே, எனக்கு எஸ்எஸ்எல்சி பாஸான மாதிரி இருந்துச்சு.

வடாம்? ஒண்ணுகூட போடல. சாயந்திரமானா ஏறிப் போய் உக்காந்து பேசுறோம், அவ்வளவுதான்.

முதல் நாளே மூணாவது மாடி ஆன்ட்டி பேச ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது அலையில, 2021 மே மாசம், அங்கிள் போயிட்டார். ஆஸ்பத்திரியில இருந்து நேரா மின் மயானம். முகம் பார்க்கல. நாங்க வீடியோ கால்ல "தைரியமா இருங்க"ன்னோம், வேற என்ன சொல்ல முடியும்? "கட்டிப் பிடிச்சு அழ ஒரு ஆள் வரலடி"ன்னாங்க. நம்ம ஊர்ல ஒப்பாரி வைக்கக்கூட நாலு பொம்பளைங்க சுத்தி உக்காரணும். அதுவே நடக்கல. இத்தனை வருஷம் கழிச்சு மாடியில அழுதாங்க. யாரும் எதுவும் பேசல, விட்டுட்டோம்.

நாங்க ஏதோ சென்டிமென்ட் பேசுறோம்னு நினைக்காதீங்க. லான்செட்னு ஒரு மருத்துவ இதழ்ல 2021 அக்டோபர்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 2020ல உலகம் முழுக்க கூடுதலா 5.3 கோடி பேருக்கு தீவிர மனச்சோர்வுன்னு கணக்கு. அதுல சுமார் 3.5 கோடி பெண்கள்.

ஐயோ, எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா சொன்னத விட்டுட்டேன் பாருங்க. அப்போ அவங்களுக்கு வேலையும் இல்ல, பஸ்ஸும் இல்ல. "தண்ணி லாரி வந்தாதான்மா நாலு பேர் மூஞ்சியப் பார்ப்பேன். அந்த லைன்லதான் யார் வீட்ல அடி விழுந்துச்சுன்னு தெரியும்"னாங்க. எனக்கு அப்போதான் உறைச்சது, அடிக்கிறவன் பக்கத்துலயே உக்காந்திருக்கும்போது எப்படி போன் எடுத்துப் பேசுறது? தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரல்ல வாட்ஸ்அப் நம்பர் விட்டதே அதுக்குத்தான், சத்தமில்லாம டைப் பண்ணலாம். அந்த ஐடியா எனக்குப் பிடிச்சது. ஆனா போனே புருஷன் கையில இருக்கிற வீட்ல? அங்க தண்ணி லைன்தான், கோயில் வாசல்தான், மாடிதான்.

ஆனாலும் நம்பர் சொல்லிடறேன், எழுதிக்கோங்க. வீட்ல அடி, மிரட்டல்னா 181. மனசு சரியில்லன்னா 14416, டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். லாக்டவுன் நேரத்துல இந்த 14416 கிடையாது, 2022 அக்டோபர்லதான் வந்துச்சு.

அக்காவ இந்த வீடியோவுல பேசச் சொன்னேன். "ஃப்ரீ பஸ் வந்ததுல இருந்து ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன், எனக்கு எதுக்கு உன் யூடியூப்பு"ன்னுட்டாங்க. சரி, மிக்ஸி அடுத்த வாரம் கண்டிப்பா. ஜார் மூடி பத்தி நிறைய திட்ட வேண்டியிருக்கு. பை!