உயிர் மீட்பும் சிகிச்சையும்: ஹண்டிங்டன் நகரின் அனுபவம்

நேயர்களுக்கு வணக்கம். அபின் வகை மருந்துகளுக்கு அடிமையானவர்களுக்கு மருத்துவத்தால் என்ன செய்ய முடியும் என்று பேசுமாறு நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். பொதுப்படையாகப் பேசினால் அது வெறும் அறிவுரையாகப் போய்விடும் என்பதால் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் ஹண்டிங்டன்தான் அந்த ஊர்.

1871-இல் மலையைக் கடந்து வந்த ரயில் பாதை ஆற்றைத் தொடும் இடத்தில் உருவான நகரம் இது. நிலக்கரியும் ரயிலும் ஆலைகளும் செழித்திருந்த 1950-இல் இங்கே 86,000 பேர் வாழ்ந்தார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 47,000-க்கும் குறைவு. வேலை போன ஊரில் வலி மட்டும் தங்கிவிட்டது. சுரங்கத்திலும் ஆலையிலும் முதுகும் முழங்காலும் தேய்ந்தவர்கள் நிறைந்த வட்டாரம் என்பதால், 1996-இல் ஆக்சிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரை சந்தைக்கு வந்தபோது, அதை வாங்க ஆளைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அந்த மாத்திரைக்கு அடிமையாகும் ஆபத்து மிகக் குறைவு என்று சொல்லி விற்ற பர்டியூ குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம், மருந்தைப் பற்றித் தவறான தகவல் தந்ததாக 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் காலம் கடந்திருந்தது. ஹண்டிங்டன் அடங்கிய கேபெல் கவுண்டியில், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியில், வசித்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. அங்கே எட்டு ஆண்டுகளில் 8 கோடிக்கும் மேற்பட்ட வலி மாத்திரைகள் வந்து இறங்கின என்று, மொத்த மருந்து விநியோக நிறுவனங்கள் மீது நகரமும் கவுண்டியும் தொடுத்த வழக்கில் கூறப்பட்டது. 2022-இல் முதல் நீதிமன்றம் அந்நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கின் கதை நீளமானது, இன்றைய பேச்சுக்கு அது வேண்டாம்.

மாத்திரைச் சீட்டு எழுதுவதில் கட்டுப்பாடு வந்ததும், ஏற்கெனவே அடிமையாகியிருந்தவர்களில் பலர் மலிவாகக் கிடைத்த ஹெராயினுக்கு மாறினார்கள். பிறகு அந்த ஹெராயினோடு, அதைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ‘ஃபெண்டனில்’ என்ற செயற்கை மருந்தும் கலந்து வரத் தொடங்கியது. 2016 ஆகஸ்ட் 15 அன்று பிற்பகலில் அவசர ஊர்தி நிலையத்துக்கு அழைப்பு மேல் அழைப்பாக வந்தது. சில மணி நேரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்டோர் அளவு மீறிய மருந்தால் மூச்சு அடங்கிக் கிடந்தார்கள். யானை போன்ற பெரிய விலங்குகளை மயக்கப் பயன்படும் கார்ஃபெண்டனில் அன்று ஊருக்குள் வந்திருந்தது. இருந்த ஊர்திகள் அத்தனையும் ஓடின. நலாக்சோன் என்ற முறிவு மருந்தைக் கொடுத்து, பெரும்பாலோரைப் பிழைக்க வைத்தார்கள்.

நலாக்சோன் என்ன செய்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். மூச்சுவிடச் சொல்லும் மூளைப் பகுதியை அபின் வகை மருந்து அமுக்கிவிடுகிறது. நலாக்சோன் அதை அங்கிருந்து தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. நீலம் பாரித்த உதடு இரண்டு மூன்று நிமிடங்களில் சிவக்கும், ஆள் எழுந்து உட்காருவார். ஆனால் அப்படி எழுந்தவர் நன்றி சொல்லும் நிலையில் இருப்பதில்லை. குமட்டல், நடுக்கம், வியர்வை, உடம்பெங்கும் குடைச்சல் என்று, பழகிய மருந்து நின்றால் வரும் விலகல் உபாதை முழுவதும் ஒரே நேரத்தில் அவரைப் பிடித்துக்கொள்கிறது. நலாக்சோனின் வீரியமோ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்பது அரிது. அந்த வேதனையில் அவருக்குத் தெரிந்த ஒரே நிவாரணம், சற்று முன் அவரைக் கொல்லப் பார்த்த அதே பொருள்தான்.

அந்தப் பிற்பகலைப் பற்றிப் பின்னர் நடந்த பொதுச் சுகாதார விசாரணையில் தெரியவந்த ஒரு விவரம், என்னைக் கேட்டால், அன்று விழுந்தவர்களின் எண்ணிக்கையை விட முக்கியமானது. பிழைத்தவர்களில் ஒருவரைக்கூடச் சிகிச்சைக்கு அனுப்பியதாகப் பதிவு இல்லை. மருத்துவமனையில் கண் விழித்தார்கள், வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், அவ்வளவுதான். இதில் ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் கொடுக்க மருந்து இருந்தது, அனுப்ப ஒரு வாசல் இல்லை.

நகரம் அந்த வாசலைக் கட்டியது. 2017 இறுதியில் விரைவு உதவிக் குழு ஒன்றை அமைத்தார்கள். அவசர மருத்துவ ஊழியர், ஆலோசகர், காவலர், சமயப் பணியாளர் என நான்கு வகையினரும் சேர்ந்து, பிழைத்தவரின் வீட்டுக்கோ, அவர் தங்கியிருக்கும் பாலத்தடிக்கோ, மூன்று நாட்களுக்குள் போய்க் கதவைத் தட்டினார்கள். கைது செய்ய வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுவார்கள். வேண்டாம் என்றால் நலாக்சோன் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள்; மறுபடியும் வருவார்கள். சம்மதிப்பவரை வரிசையில் நிற்க வைக்காமல் சேர்த்துக்கொள்வதற்காக, நகரின் மருத்துவமனைகளும் மார்ஷல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அமைப்பும் இணைந்து 2018-இல் புரோஆக்ட் என்ற மையத்தைத் திறந்தன. அந்த ஆண்டு கேபெல் கவுண்டியில் ஓவர்டோஸ், அதாவது அளவு மீறிய மருந்து, தொடர்பான அவசர அழைப்புகள் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ நாற்பது விழுக்காடு குறைந்தன. எல்லாப் பெருமையும் இந்தக் குழுவுக்கே என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்று நாள் என்ற கணக்கில் மருத்துவ நியாயம் இருக்கிறது. ஒருமுறை ஓவர்டோஸில் பிழைத்தவர் அடுத்த சில வாரங்களில் இறக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

வாசலுக்குள் நுழைந்தவருக்கு என்ன கிடைக்க வேண்டும்? பத்து நாள் அடைத்து வைத்து உடம்பைச் சுத்தம் செய்து அனுப்புவது சிகிச்சை என்று உலகெங்கும் நம்புகிறார்கள். அபின் வகைப் போதையில் அது ஆபத்தானது. உடம்பு தாங்கும் அளவு அந்தப் பத்து நாளில் சரிந்துவிடும். வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். நல்ல சான்றுள்ள சிகிச்சை, மெத்தடோன் அல்லது புப்ரெனார்ஃபின் என்ற, நீண்ட நேரம் வேலை செய்யும் அபின் வகை மருந்தை மாதக்கணக்கில், தேவைப்பட்டால் ஆண்டுக்கணக்கில் கொடுப்பதுதான். இவை மரணத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கின்றன. நாவுக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின், மூளையில் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு, உபாதையைத் தணிக்கும் அளவுக்கு மட்டும் வேலை செய்கிறது. கூடுதலாக விழுங்கினாலும் அதன் விளைவு ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை. இந்தியாவிலும் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தின் மையங்களில் இது கொடுக்கப்படுகிறது. “ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?” என்று கேட்பவர்களுக்கு நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மருந்து சாப்பிடுபவர் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறாரா, இல்லையா?

மெத்தடோனில் மலைநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. அமெரிக்கச் சட்டப்படி இந்தச் சிகிச்சைக்கான மெத்தடோனைத் தனி உரிமம் பெற்ற மையத்தில்தான் வாங்க முடியும். தொடக்கத்தில் அநேகமாகத் தினமும் நேரில் வர வேண்டியிருந்தது. புதிய மையங்கள் திறக்க மேற்கு வர்ஜீனியா 2007-இல் தடை போட்டதால், மாநிலம் முழுவதற்கும் ஒன்பது மையங்களே இருந்தன. பள்ளத்தாக்கில் கார் இல்லாமல் வாழ்பவருக்கு வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் தினமும் போய்வருவது எப்படி முடியும்? மாதம் ஒருமுறை போடும் புப்ரெனார்ஃபின் ஊசி 2017-இல் அங்கீகாரம் பெற்றதையும், அந்த மருந்தை எழுதச் சிறப்பு அனுமதி வேண்டும் என்ற விதி 2022 இறுதியில் நீக்கப்பட்டதையும், இப்படிப்பட்டவர்களுக்குக் கிடைத்த உண்மையான சலுகைகளாகவே கருதுகிறேன்.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாயின் வயிற்றிலேயே மருந்துக்குப் பழகிய சிசுக்கள் பிறந்த ஓரிரு நாளில் கிறீச்சிட்டு அழும், கைகால் நடுங்கும், பால் இழுத்துக் குடிக்கத் திணறும். அவற்றுக்காகவே 2014-இல் லில்லிஸ் பிளேஸ் என்ற இல்லம் ஹண்டிங்டனில் தொடங்கப்பட்டது. மங்கிய விளக்கு, சந்தடியற்ற அறை, துணியில் இறுகச் சுற்றிய குழந்தை, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரும் மருந்து என்பதுதான் அங்கே சிகிச்சை முறை. தாயையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவது அதன் பாதி வேலை. கர்ப்பிணி மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ எடுத்துக்கொள்வது குழந்தைக்குத் துரோகம் என்று உறவினர்கள் திட்டி நிறுத்த வைப்பதுண்டு. மருத்துவ அறிவுரை அதற்கு நேர் எதிரானது: திடீரென்று நிறுத்தினால்தான் கருவுக்கு ஆபத்து.

போதை மருந்தை ஏற்றிக்கொள்ளும் ஊசி விஷயத்தில் நகரம் முன்னே போனது, மாநிலம் பின்னே இழுத்தது. ஒரே ஊசியைப் பலர் பகிர்வதால் பரவும் தொற்றைத் தடுக்க, சுத்தமான ஊசி வழங்கும் திட்டத்தை 2015-இல் நகரச் சுகாதாரத் துறை தொடங்கியது. அதற்குப் பிறகும், 2018-19-இல் ஊசி போட்டுக்கொள்பவர்களிடையே ஏறத்தாழ எண்பது பேருக்கு எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. ஆயினும் 2021-இல் மாநிலச் சட்டமன்றம், அடையாள அட்டை காட்ட வேண்டும், பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதிய ஊசி என்று விதிகளை இறுக்கியது. தெருவில் தூங்குபவரிடம் அடையாள அட்டை கேட்கும் சட்டம் தொற்றை எப்படித் தடுக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இத்தனைக்கும் செலவை ஏற்றது யார் என்று கேட்பீர்கள். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை 2014-இல் மேற்கு வர்ஜீனியா விரிவாக்கியதும், வேலை இழந்த ஆண்களும் பெண்களும் பல்லாயிரக்கணக்கில் முதன்முறையாக அதற்குள் வந்தார்கள். மருந்துக்கும் ஆலோசனைக்கும் பணம் தருவது பெரும்பாலும் அதுதான். சிகிச்சைக்குப் பிறகு தங்கும் மறுவாழ்வு இல்லங்களில் சில, மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ எடுப்பவரைச் சேர்த்துக்கொள்வதில்லை. மருந்தை நிறுத்திவிட்டு வா என்கின்றன. காப்பீடும் ஊர்தியும் குழுவும் சேர்ந்து வாசல் வரை கொண்டுவந்த ஒருவர், படுக்க இடம் வேண்டி அந்த மருந்தை விடும் நிலை அங்கே இன்னும் இருக்கிறது.