மூக்குப்பொடியும் அருவியும்

வணக்கம் நேயர்களே. பாலாற்று மணலைப் பார்த்தே வளர்ந்த வேலூர்க்காரனுக்கு மழைக்காட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நம்மூரில் வருடம் முழுக்கப் பெய்தாலும் 1,000 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். கர்நாடகத்து ஆகும்பேயில் 7,000-ஐத் தாண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அமிர்தி காட்டில் பறவை பார்க்கிற கூட்டம் நாங்கள். காட்பாடியில் ரயிலேறி, பெங்களூரு, ஷிமோகா, அப்புறம் பஸ் என்று அந்த ஆகும்பே மழைக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜோகிகுண்டி அருவிக்கு நடக்க வேண்டும்.

அட்டை! அதைச் சொல்லாமல் எப்படி? எங்களோடு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மூக்குப்பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து எல்லார் காலிலும் பூசினால் அட்டை கிட்டே வராது என்று டப்பாவும் கையுமாக நின்றார். பூசினோம். டப்பாவை மூடுவதற்குள் ஒரு காற்று வந்தது. அவ்வளவுதான், வரிசையாகத் தும்மல். வழிகாட்டி உதட்டில் விரல் வைத்து அண்ணாந்து பார்க்கிறார், மரத்தில் ஒரு பறவை மிச்சமில்லை. மழையோ பத்தே நிமிடத்தில் பூச்சைக் கழுவிவிட்டது.

கீழே குனிந்து பார்த்தேன். உதிர்ந்த இலையின் நுனியில் தீக்குச்சி பருமனில் ஒன்று எழுந்து நின்று ஆடுகிறது. நம் மூச்சும் உடம்புச் சூடும் அதற்குத் தெரிகிறது, சாண் போட்டு அளப்பதுபோல் வருகிறது. கடித்தது தெரியாது. ரத்தம் உறையாமலிருக்க எச்சிலிலேயே மருந்து வைத்திருக்கிறது, அதனால் அது விழுந்த பிறகும் சாக்ஸ் சிவந்துகொண்டே இருக்கும். பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் ஓரமாக நெம்பினால் போதும். திரும்பவும் சொல்கிறேன், இழுக்காதீர்கள்.

எனக்கு அட்டைமேல் கோபமே இல்லை. அது இருக்கிற இடத்தில் தரை காய்ந்துபோகவில்லை என்று அர்த்தம். கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்குகிற இலைமக்கு. பெய்த மழை அதில் ஊறி மெதுவாகக் கசிகிறது. மழை விட்ட பிறகும் ஓடை ஓடுவது அதனால்தான். இரண்டு மழைக்கு ஓடிவிட்டுப் பொங்கலுக்குள் வற்றுகிற நம்மூர் ஓடைகளைப் பார்த்தவனுக்கு அதைவிட்டு நகர மனம் வரவில்லை.

ராஜநாகத்தைப் பற்றியும் பேச நினைத்தேன். இலைகளைக் குவித்துக் கூடு கட்டும் ஒரே பாம்பு. சென்னைப் பாம்புப் பண்ணையை உண்டாக்கிய ரோமுலஸ் விட்டேகர் 2005-ல் ஆகும்பேயில் ஆய்வு நிலையம் தொடங்கியது... சரி, நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள்.

அருவி? உயரம் அதிகமில்லை, பாறைகளுக்கு நடுவே குளத்தில் விழுகிறது. அத்தனை தண்ணீரைப் பார்த்து யாரும் பேசவில்லை. வாத்தியார் மட்டும் பாறையில் உட்கார்ந்து டப்பாவை வெளியே எடுத்தார். அதன் மூடிமேலேயே ஒன்று எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது.

வணக்கம்.