வாசிப்புக் குழுவும் பிரியாணியும்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என்னை விடவே இல்லை. ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் இருக்கிற ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் என்று வாசிப்புக் குழு ஆரம்பித்தோம். முதல் மாதம் 16 பேர். ஐந்தாவது மாதம் 4 பேர், அதிலும் இரண்டு பேர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. படிக்காதவர் வரக் கூடாது என்று விதி வைக்கலாமா?"

வைக்காதீர்கள் தம்பி. வழக்கமாகப் பார்க்கிறவர்கள் 'மறுபடியும் சிப்ஸ் கதையா' என்று சிரிப்பீர்கள், பரவாயில்லை, புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சிங்கப்பூரில் இருந்தபோது மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பொது நூலகத்திலேயே தமிழ்ப் புத்தகம் எடுக்கலாம், அதனால் புத்தகம் கிடைக்கவில்லை என்ற சாக்குக்கு வழியில்லை. அப்படியும் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கம், எப்போதும் இருபது பக்கத்தோடு நின்றுவிடுவார். ஒருநாள் கதையில் 'பிணையல்' என்று ஒரு சொல் வந்தது. முழுசாகப் படித்துவிட்டு வந்த நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போயிருந்தோம். அவர் தட்டிலிருந்து நாலு நேந்திரங்காய் சிப்ஸை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். இதுதான் மாடுகள், கழுத்தோடு கழுத்து தாம்புக் கயிற்றில் பிணைத்திருக்கும், கையால் அடித்த பிறகும் வைக்கோலில் ஒட்டியிருக்கிற நெல்லை உதிர்க்க இப்படிச் சுற்றவிடுவோம் என்று விரலால் தள்ளிக் காட்டினார். உள்ளே நிற்கிற மாடு கிழடாக இருந்தாலும் போதும், வெளிமாடுதான் அதிகம் நடக்கணும், ஓட்டுகிறவனுக்கு அதன் மேல்தான் கண் இருக்கும் என்றார். கதையில் ஒரு கிழட்டு மாடு ஏன் வந்தது என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. உங்கள் விதி அங்கே இருந்திருந்தால் அந்த மனிதர் வாசலோடு திரும்பியிருப்பார்.

அதனால் படிக்காதவரும் வரட்டும். முதல் பத்து நிமிடம் யாராவது இரண்டு பக்கம் உரக்க வாசியுங்கள், அவர்களுக்கும் பேச ஏதாவது அகப்படும். நாவலே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், ஒரு சிறுகதை போதும். பழைய எழுத்துகள், தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் வைக்கிற மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கும். 1998 பொங்கலில் தொடங்கிய அந்தத் திட்டத்தை ஒருங்கிணைத்த கல்யாணசுந்தரம் உங்களுக்குப் பக்கத்து நாட்டில், சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியலாளர்தான். புதுப் புத்தகம் என்றால் ஜனவரியில் ஊருக்குப் போகிறவரிடம் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒரு பட்டியல் கொடுத்துவிடுங்கள், பெட்டியில் ஊறுகாய்க்குப் போக மிச்ச இடம் இருந்தால்.

ஆனால் எனக்கு இந்த பதில் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் பூட்டியிருக்கும், டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், மனுஷன் நாலு தமிழ்ப் பேச்சுக்கு ஏங்குகிற நேரம் அது. அப்போதும் ஆள் வரவில்லை என்றால் காரணம் புத்தகமாக இருக்க முடியாது. நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே வேறு என்று தோன்றி, நானே திருப்பி எழுதினேன்: எங்கே கூடுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள்? பதில் உடனே வந்தது. மாதம் ஒரு வீடு. முதல் வீட்டில் சுண்டல், டீ. இரண்டாவது வீட்டில் வடை, கேசரி. மூன்றாவதில் மட்டன் பிரியாணி, தால்சா, பாயசம். நாலாவது வீட்டில் அதைவிடக் குறைத்துப் போட முடியுமா? ஐந்தாவது வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் 'இந்த மாதம் கொஞ்சம் வேலை' என்று நழுவிவிட்டார். அது போக, அந்த மூன்றாவது வீட்டில் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தது ஒரே ஒருவர்தானாம், வீட்டுக்காரரின் மனைவி. கூட்டம் முடிகிறவரை அவர் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்!

தம்பி, விதி வைத்தே தீருவேன் என்றால் இதை வையுங்கள்: சுண்டல், டீ, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அந்தச் சகோதரியிடம் அடுத்த மாதத்துக்கான கதையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கதை என்று எனக்கும் எழுதுங்கள், நானும் படித்துவிடுகிறேன், முடிந்தவரை. சரி, அடுத்த கேள்வி.